எட்டுப் பேருக்கு வெள்ளரிக்காய்

வெள்ளரிக்காய் பதினொரு வட்டம். தக்காளி நாலு துண்டு. லெட்டஸ் இலை இரண்டு, அதில் ஒன்று ஓரம் கறுத்தது. நடுவில் துருவின கரட் ஒரு பிடி, பக்கத்தில் அரைத் தேசிக்காய். விலை ஆயிரத்து நூறு ரூபாய்.

காலையிலிருந்து வெய்யிலுக்குள் மூன்று ஆட்டம் ஓடிவிட்டு வந்த எங்கள் வலைப்பந்து அணியின் சென்டருக்கு, அதாவது நடுவில் ஆடுகிறவளுக்கு, முன்னால் அந்தத் தட்டை வைத்தான் பெடியன். "மிஸ், ஹெல்தியா ஏதாவது கேட்டீங்கள். இதுதான் எங்கட ஹெல்தி ஐட்டம்." அவள் தட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு பக்கத்து மேசையில் வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று தின்றுகொண்டிருந்த சிப்ஸைப் பார்த்தாள்.

"அக்கா, இதைத் திண்டிட்டு நான் வீட்டை போய்ச் சாப்பிடட்டோ?"

இது 2024 ஜூலை 28, ஞாயிற்றுக்கிழமை. திகதி மறக்காததற்குக் காரணம் சலட் இல்லை. அன்றைக்குத்தான் தம்புள்ளையில் மகளிர் ஆசியக் கிண்ண இறுதி ஆட்டம், இலங்கையும் இந்தியாவும். எங்களுக்கும் அன்று அலுவலகங்களுக்கு இடையிலான வலைப்பந்துப் போட்டியின் முதல் நாள். முதல் சுற்றில் இரண்டு வென்று ஒன்று தோற்று, திங்கள் காலை அரையிறுதி என்று ஆகிவிட்டது. ஒரு மணி தாண்டித்தான் விட்டார்கள். மூன்று மணிக்குக் கிரிக்கெட் தொடங்கும். வீட்டுக்குப் போனால் ஆளுக்கொரு வேலை காத்திருக்கும், கொடியில் உடுப்பு, அடுப்படியில் சட்டி. அதனால் ஒருத்தரும் வீட்டுக்குப் போகிறதில்லை என்று முடிவெடுத்து எட்டுப் பேரும் இரண்டு ஓட்டோவில் அடைந்துகொண்டு திருகோணமலை உப்புவெளிக் கடற்கரைக்குப் போனோம்.

அந்த இடத்தின் பேர் வேண்டாம். போகிறவர்களுக்குத் தெரியும். கிடுகுக் கூரை, மணலுக்குள் ஊன்றின மேசைகள், உள்ளே இரண்டு பெரிய டிவி, சுவரில் காற்பந்துச் சட்டைகள், ஒருத்தரும் எறியாத அம்புப் பலகை ஒன்று. ஸ்போர்ட்ஸ் பார் என்று பலகையில் எழுதியிருக்கிறது. என் மனுசன் சனிக்கிழமைகளில் கூட்டாளிமாரோடு போவார். இங்கிலாந்தில் பின்னேரம் மூன்று மணிக்கு நடக்கிற ஆட்டம் எங்களுக்கு இரவு 7.30. அவர்கள் குளிர்காலத்துக்கு மணிக்கூட்டை மாற்றினால் 8.30. அந்தக் கணக்கு அவருக்குப் பிள்ளையின் பிறந்தநாளை விட நல்லாய் ஞாபகம். நானும் நாலைந்து தரம் போயிருக்கிறேன். காற்பந்து, கிரிக்கெட், ரக்பி, ஒருநாள் கார் ஓட்டம் கூடப் போட்டார்கள். வலைப்பந்து போட்டு நான் கண்டதில்லை. 2018 இல் சிங்கப்பூரில் இலங்கை வலைப்பந்தில் ஆசியச் சம்பியன் ஆனது, யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் அந்த அணியில் இருந்தவர். 2022 இல் திரும்பவும் வென்றோம். சுவரில் அதற்கு ஒரு சட்டை இல்லை. சரி, சாப்பாட்டுக்கு வருவோம்.

ஜூலையில் திருகோணமலை எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கச்சான் காற்று. (கொழும்பிலிருந்து வந்த ஒரு பிள்ளை, கச்சான் என்றால் கடலை தானே, அது எப்படி வீசும் என்று கேட்டாள். எங்களுக்கு இரண்டும் கச்சான்தான். ஒன்று கோயில் வீதியில் சுருள் சுற்றி விற்பது, மற்றது மேற்கிலிருந்து வந்து முகத்தை வறுப்பது.) அந்தக் காற்றில் வியர்வை தெரியாது, காய்ந்துவிடும். சட்டையில் வெள்ளைக் கோடு மட்டும் மிஞ்சும். அதனால் நான் போட்டிக்குப் போகும்போது வீட்டுத் தராசைக் கையோடு கொண்டு போகிறனான். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அன்று சென்டர் காலையில் 56.2 கிலோ, மூன்றாவது ஆட்டம் முடிய 54.8. போன 1.4 கிலோவும் தண்ணீர்தான். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகால் முதல் ஒன்றரை லீற்றர் திருப்பிக் குடிக்க வேண்டும் என்பது கணக்கு, ஏனென்றால் குடிப்பதில் ஒரு பங்கு சிறுநீராய்ப் போய்விடும். அவளுக்கு இரண்டு லீற்றருக்குக் கிட்ட. அதோடு உப்பும் வேண்டும். வெறும் தண்ணீரை உடம்பு பிடித்து வைக்காது.

அப்படிப்பட்டவளுக்கு முன்னால்தான் வெள்ளரிக்காய்.

பெடியனில் பிழையில்லை. ஹெல்தி என்ற சொல்லை ஒரு பொம்பிளை சொன்னால் எல்லாருக்கும் ஒரே பொருள்தான் கேட்கிறது: குறைச்சுத் தா. எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் கேட்டது. இருபத்திரண்டு வயதில், எங்களைப் பழக்கினவர் ஒருத்தர் எல்லாருக்கும் முன்னால் "இடுப்புக் கூடிப்போச்சு, இரவுச் சோத்தை விடு" என்றார். விட்டேன். பிறகு காலைச் சாப்பாட்டையும் அரைவாசியாக்கினேன். இரண்டு மாதம் காற்று மாதிரி ஓடினேன், எல்லாரும் மெச்சினார்கள். பிறகு மாதவிலக்கு நின்றது. அதைப் பெரிதாய் எடுக்கவில்லை, போட்டி நாளில் வசதிதானே என்று கூட நினைத்தேன். பிறகு இடது முழங்காலுக்குக் கீழே ஒரு நோ. ஒத்தடம் கொடுத்து, எண்ணெய் தடவி, கட்டுப் போட்டு ஆடினேன். கடைசியில் படம் எடுத்தால் எலும்பில் மயிர் போல ஒரு வெடிப்பு. டொக்டர் காலைப் பார்க்க முதல் கேட்ட கேள்வி, "நேற்று என்ன சாப்பிட்டனீங்கள், பிள்ளை?" நான் சொல்லி முடிக்க அரை நிமிடம் கூட ஆகவில்லை, சொல்ல அவ்வளவுதான் இருந்தது.

ஓடுகிற அளவுக்குச் சாப்பிடாத உடம்பு முதலில் மாதவிலக்கை நிறுத்தும், பிறகு எலும்பில் கை வைக்கும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014 இல் இதற்கு ஒரு நீளமான பேர் வைத்தது, விளையாட்டில் சார்பளவு ஆற்றல் குறைபாடு என்று. ஆண்களுக்கும் வருமாம். எனக்கு வந்தபோது பேர் தெரியாது, ஒரு பருவம் முழுக்க பெஞ்சில் இருந்து தண்ணிப் போத்தல் நீட்டினது மட்டும் தெரியும்.

ஆகவே எழும்பிச் சமையலறைக்குப் போனேன்.

சமையலறை வாசலிலேயே மணத்தது. மீன் குழம்பு. பழப்புளி விட்டு, வெந்தயம் கொஞ்சம் தூக்கலாய். முன்னால் மேசைகளில் அந்த மணம் இல்லை, அங்கே எண்ணெயும் சோயா சோஸும்தான். உள்ளே வேலைசெய்கிற ஆட்கள் ஐந்து பேரும் நின்றபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரிய அலுமினியப் பானையில் சிவப்பரிசிச் சோறு, சட்டியில் பாரைக் குழம்பு, பருப்பு, கங்குன் கீரை வறை, ஒரு கிண்ணத்தில் பொரித்த மிளகாய். சமையல்காரர் ஈச்சிலம்பற்றுப் பக்கத்து மனுசன், அறுபது இருக்கும்.

"அண்ணை, இதில எட்டுப் பேருக்குக் காணுமோ?"

அவர் கையில் பிசைந்த உருண்டையோடு என்னைப் பார்த்தார். "இது எங்கட சோறு, பிள்ளை. மெனுவில இல்லை."

"அதுதான் வேணும்."

"ஐயோ, இதை எப்பிடி விக்கிறது? கடலுக்கு வந்த ஆக்களுக்குச் சோறு போட்டா முதலாளி என்ன சொல்லுவார்? டெவில் சிக்கன் போடுறன், ஹொட் பட்டர் கணவாய் போடுறன், ஃபிரைட் ரைஸ்..."

அவருக்குக் கொஞ்சம் வெட்கம் என்று பிறகுதான் விளங்கியது. சமையல்காரன் தன் சோற்றை விருந்தாளிக்கு நீட்டினால் கையில் ஒன்றும் இல்லாதவன் போல ஆகிவிடும். நான் விசயத்தைச் சொன்னேன். நாளைக் காலையும் ஓட வேண்டும், பிள்ளையள் விடியவிலிருந்து பிஸ்கட்டும் தோடம்பழமும்தான் தின்றது, இப்போது பொரித்ததைப் போட்டால் வயிறு அதைப் பிடித்துக்கொண்டு இரவு வரை கிடக்கும். கொழுப்புக் கூடினால் இரைப்பை மெல்லத்தான் காலியாகும். வேண்டியது மாச்சத்தும் புரதமும் உப்பும், அதுவும் கெதியாய்.

அவர் உருண்டையை வாயில் போட்டார். கையைக் கழுவினார். "அப்ப உலை வைப்பம். இருபத்தஞ்சு நிமிசம். மீன் இது காணாது, விளைமீன் கிடக்கு, சுட்டுத் தாறன். எண்ணெய் வேண்டாமோ?"

"தடவினாக் காணும்."

ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த விளைமீன் இரண்டு, ஒவ்வொன்றும் முழங்கை நீளம். செவுளைத் தூக்கி எனக்குக் காட்டினார், சிவப்பு. பெருவிரலால் முதுகை அமத்தினார், அமத்தின இடம் உடனே மேலே வந்தது. மூன்று கீறு ஒரு பக்கம், மூன்று மற்றப் பக்கம். உப்பு, மஞ்சள், மிளகு, இடித்த உள்ளி, தேசிக்காய்ப் புளி. அதைக் கீறலுக்குள் விரலால் தள்ளிவிட்டு, வாழையிலையில் ஒரு சொட்டு எண்ணெய் தடவிச் சுற்றிக் கம்பித் தட்டில் சுட வைத்தார். மெனுவில் உள்ள "கிரில்ட் ஃபிஷ்" இதே மீன்தானாம். ஆனால் அதை வெண்ணெயில் குளிப்பாட்டி, சிப்ஸ் ஒரு மலை, மயோனிஸ் ஒரு கிண்ணம் வைத்துத்தான் அனுப்புவார்களாம். "வெள்ளைக்காரர் அப்பிடித்தான் கேப்பினம் எண்டு முதலாளி சொல்லுறார். அவையள் சிப்ஸை விட்டிட்டுப் போறதை நாங்கள்தான் காணுறம்."

சோறு வருமட்டும் எட்டுப் பேரையும் பட்டினி போட முடியாது. பைட்ஸ் அட்டையில், அதாவது கொறிக்கிற சாமான் பட்டியலில், கடலை இருந்தது. அவித்த கொண்டைக்கடலையைக் கடுகு, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை, தேங்காய்ச் சொட்டோடு தாளிப்பது. பியர் குடிக்கிறவர்களுக்கென்று வைத்திருப்பதில் விளையாட்டுக்காரிக்கு அதை விட நல்ல சாமான் இல்லை. ஒரு கோப்பைக் கடலையில் பதினாலு கிராம் புரதமாவது வரும், மாச்சத்து அதைப் போல மூன்று மடங்கு. எண்ணெய் ஒரு கரண்டி போதும் என்று மட்டும் சொன்னேன். குடிக்க, தேசிக்காய்த் தண்ணீர் இரண்டு ஜக், சீனியும் உப்பும் போட்டு. பெடியன் உப்பு என்றதும் திரும்பக் கேட்டான். "உப்பா மிஸ்? ஹெல்திக்கு உப்புக் கூடாதே?" அவனுடைய அம்மாவுக்குப் பிரசராம். அம்மாவுக்குக் கூடாது, சட்டையில் வெள்ளைக் கோடு விழுந்தவளுக்கு வேண்டும் என்றேன். செவ்விளநீரும் இருந்தது. நல்லதுதான், பொட்டாசியம் நிறைய, ஆனால் வியர்வையில் போன சோடியத்தை அது மட்டும் ஈடுசெய்யாது. கடலையோடு குடித்தால் சரி.

அட்டையில் மீதி இருந்ததைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பிறகு யாராவது கேட்பீர்கள். கணவாய் தன்னளவில் நல்ல புரதம், கொழுப்பு இல்லையென்றே சொல்லலாம். ஹொட் பட்டர் கணவாய் என்றாகும்போது கோன்மாவில் புரண்டு, எண்ணெயில் குளித்து, பிறகு வெண்ணெயிலும் ஒரு முழுக்குப் போடுகிறது. எனக்கு அதில் உயிர். போட்டி எல்லாம் முடிந்த நாளில் தனித் தட்டு எடுப்பேன், பங்கு கேட்டால் கோபம் வரும். ஆட்டத்துக்கு முதல் நாள் தொடமாட்டேன். டெவில் சிக்கன் பொரிக்காமல் வதக்கித் தரச் சொல்லலாம், கேட்டால் செய்கிறார்கள், யாரும் கேட்பதில்லை. கொத்துரொட்டியை எல்லாரும் திட்டுகிறார்கள். முட்டையும் கோழியும் லீக்ஸும் கூடப் போட்டு, சீஸ் இல்லாமல், எண்ணெயைக் கட்டுப்படுத்தினால் நெடுந்தூரம் ஓடினவனுக்கு அது மோசமில்லை. பேர்கரைப் பற்றி எனக்குக் கருத்து இல்லை.

சோறு வந்தது. எட்டுத் தட்டு, தட்டுக்கு முந்நூறு கிராமுக்குக் குறையாது, அதில் மட்டும் எண்பது கிராம் மாச்சத்து. ஐம்பத்தைந்து கிலோ ஆளுக்கு, அடுத்த ஆட்டம் கிட்ட இருந்தால், முதல் நாலு மணித்தியாலமும் மணிக்கு ஐம்பத்தைந்து அறுபது கிராம் சாப்பிடச் சொல்கிறார்கள். ஆகவே தட்டு ஒன்றும் பெரிதில்லை. மீனில் ஆளுக்கு உள்ளங்கையளவு, அதில் இருபது இருபத்தைந்து கிராம் புரதம். பருப்பு, வறை. வறைக்கு மேல் அந்த சலட்டின் அரைத் தேசிக்காயைப் பிழிந்துவிட்டேன். கீரையில் உள்ள இரும்பு உடம்பில் சேரப் புளி உதவும். சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடித்தால் அது தடுக்கும். எங்கள் அணியில் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் நொந்தது. பொம்பிளையளுக்கு ஒரு நாளைக்கு 18 மில்லிகிராம் இரும்பு வேண்டும், ஆம்பிளையளுக்கு 8 போதும் என்பது அமெரிக்க அட்டவணை. எங்கள் வீடுகளில் மீனின் நடுத்துண்டு யாருக்குப் போகிறது என்று நினைத்துப் பாருங்கள்.

சென்டர் இரண்டாம் தரம் சோறு கேட்டாள். கேட்டபோது குரல் கொஞ்சம் இறங்கியது. "அக்கா, கூடிப்போச்சோ?" என்றாள். சமையல்காரர் பதில் சொல்லவில்லை, பானையோடு வந்து நின்றார்.

இதற்கிடையில் டிவியில் இந்தியாவின் மந்தனா அறுபது அடித்திருந்தார், இந்தியா 165. எங்களுக்குக் கொஞ்சம் நெஞ்சு இடிந்தது. அதுவரை நடந்த மகளிர் ஆசியக் கிண்ணங்களில் ஒன்றைத் தவிர எல்லாம் அவர்களுடையவை. பிறகு எங்கள் அணித் தலைவி சமரி அத்தபத்து இறங்கினார். 61. அவர் ஆட்டமிழந்தபோது மேசையில் ஒரு நிமிடம் சத்தமில்லை. ஹர்ஷிதா சமரவிக்ரம விடவில்லை, ஆட்டமிழக்காமல் 69. பதினெட்டு ஓவரும் நாலு பந்தும், எட்டு விக்கெட்டால் வெற்றி. சமையலறை ஆட்கள் ஐந்து பேரும் கதவடியில் வந்து நின்று பார்த்தார்கள். அந்த டிவியில் பொம்பிளையள் ஆடி, அந்த பாரில் பொம்பிளையள் கத்தினதை நான் முதல்முதல் அன்றுதான் பார்த்தேன்.

வென்ற சந்தோசத்தில் எங்களில் ஒருத்தி மெல்ல, "ஒரு பியர் எடுக்கட்டே?" என்றாள். பேர் சொல்லமாட்டேன், ஊர் சின்னது. (பொம்பிளையளுக்கு மதுபானம் விற்கும் தடையை 2018 ஜனவரியில் எடுத்துவிட்டு, சில நாளிலேயே திரும்பப் போட்ட நாடு இது.) நான் சட்டம் பேசவில்லை, தசையைப் பற்றித்தான் பேசினேன். 2014 இல் அவுஸ்திரேலியாவில் ஒரு ஆய்வு செய்தார்கள், உடற்பயிற்சி முடிந்த இளைஞர்களுக்குப் புரதத்தோடு நிறைய மதுவும் கொடுத்து. தசை தன்னைக் கட்டுகிற வேகம் புரதம் மட்டும் எடுத்த நாளை விட 24 வீதம் குறைந்தது. புரதமும் இல்லாமல் மாச்சத்தோடு குடித்த நாளில் 37 வீதம். அவர்கள் குடித்த அளவு ஒரு பியர் இல்லை, பெருங்குடி. ஆகவே ஒரு சின்னப் பியரால் உலகம் இடிந்துவிடாது என்றும் சொன்னேன், நேர்மையாய்ச் சொல்ல வேண்டுமே. "இரண்டு லீற்றர் தண்ணியை முதல் முடி. பிறகும் ஆசை இருந்தா எடு." இரண்டு லீற்றர் முடிய அவளுக்கு வயிற்றில் இடமில்லை. கிண்ணியாப் பக்கத்துச் சட்டித் தயிரும் பாணியும் எடுத்தாள்.

திங்கள் காலை அரையிறுதியில் இரண்டு கோலால் தோற்றோம். சோற்றில் பிழையில்லை. கடைசிக் கால்பகுதியில் என் கைக்கு வந்த பந்தை நான்தான் விட்டேன், முப்பத்தாறு வயது முழங்காலைச் சாட்டலாம், ஆனால் கையைத்தான் சாட்ட வேண்டும்.

பில் கதைதான் மிச்சம். சாப்பிட்டு முடிய, காசு மேசையில் இருந்த தம்பி மெஷினைத் தட்டித் தட்டிப் பார்த்தான். "மிஸ், இதில சோறும் கறியும் இல்லை." சமையல்காரரைக் கூப்பிட்டான். அவர் வந்து, ஆளுக்கு ஆயிரம் எடு என்றார். ஆயிரத்துக்கு மெஷினில் ஒரு சாமானும் இல்லை. கிட்டத்தட்ட அந்த விலையில் இருந்தது ஒன்றுதான். அதையே எட்டுத் தரம் அடித்து, கூடின காசைக் கடலைக் கணக்கில் கழித்துவிட்டான்.

அடுத்த கிழமை அந்தப் பில் துண்டை எங்கள் அலுவலக நலன்புரிச் சங்கப் பொருளாளரிடம் கொடுத்தேன். மனுசன் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். கிரீன் சலட், எட்டு. முகம் மலர்ந்துவிட்டது. "பிள்ளையள் எவ்வளவு கட்டுப்பாடா இருக்கினம் பாருங்கோ," என்று பக்கத்து மேசைக்காரருக்கும் காட்டிவிட்டு, ஒரு கேள்வி கேட்காமல் கையெழுத்து வைத்தார்.